700 பார் ஜெட்டிங் நாசில் மூன்றே வாரத்தில் குழி விழுந்து போகிறது: தண்ணீரா, உலோகமா, துளையா?

லான்ஸ்காரன் எழுதியது:

வணக்கம். சர்க்கரை ஆலைகளில் எவாப்பரேட்டர் (கரும்புச் சாற்றைச் சுண்டவைக்கும் கலன்) குழாய்களை ஜெட்டிங்கில், அதாவது அதிக அழுத்தத் தண்ணீர்த் தாரையால், சுத்தம் செய்யும் வேலையை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்கிறேன். பதினோரு வருடமாக இதே தொழில். இந்த அரவைப் பருவத்தில் விழுப்புரம் பக்கம் ஓர் ஆலையில் எங்கள் ஆட்கள்தான் வேலை பார்க்கிறார்கள். நாசில் விஷயத்தில் இதுவரை பார்க்காத ஒரு சிக்கல் வந்திருக்கிறது.

மெஷின் மூன்று பிளஞ்சர் பம்ப், 75 ஹெச்.பி. மோட்டார். 700 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளும். வளைகிற லான்ஸ் (குழாய்க்குள் விடும் நீளமான ஹோஸ்), அதன் முனையில் நாசில் (தண்ணீரைப் பீய்ச்சும் துளை முனை). நாசிலில் 0.75 மி.மீ. துளை ஐந்து: நேராக முன்னால் ஒன்று, பின்பக்கம் பார்த்துச் சாய்வாக நான்கு. எவாப்பரேட்டர் குழாய்கள் 45 மி.மீ. விட்டம், இரண்டு மீட்டர் உயரம், செங்குத்தாக நிற்பவை. மேல் தட்டில் நின்றுகொண்டு ஒவ்வொரு குழாயிலும் லான்ஸைக் கீழே இறக்கி ஏற்றுவோம்.

போன பருவத்தில் வேறு ஆலையில் இதே பம்ப், இதே மாதிரி நாசில். நாலு மாதம் ஓடியது. இங்கே மூன்று வாரம், மிஞ்சினால் ஐந்து வாரம்தான் தாங்குகிறது. கேஜ் முதலில் 650க்கு வருகிறது, அப்புறம் 550, பிறகு 450. நாசிலைக் கழற்றிப் பார்த்தால் துளையின் ஓரம் உப்பு அரித்த செங்கல் மாதிரி பொரிந்து கிடக்கிறது. மணல் அரித்தால் வழுவழுவென்று வாய்க்கால் விழும், அது எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. சின்னச் சின்னக் குழி, குழிக்குள் குழி. கேவிட்டேஷன் (தண்ணீரில் குமிழ் உண்டாகி நசுங்கி உலோகத்தை அரிப்பது) என்று படித்தேன், ஆனால் எதனால் வருகிறது என்று பிடிபடவில்லை.

இரண்டு வகை நாசில் போட்டுப் பார்த்தேன். கடையில் வாங்கிய கடினப்படுத்திய நாசில் ஐந்து வாரம் வந்தது. அதைப் பார்த்து உள்ளூர் லேத்தில் 316 எஸ்.எஸ்.ஸில் (துருப்பிடிக்காத எஃகு) செய்தது மூன்று வாரத்தில் போனது.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போன ஆலையில் போர் தண்ணீர், உப்பு அதிகம். இங்கே எவாப்பரேட்டர் கண்டன்சேட்டையே (ஆவி குளிர்ந்து வரும் தண்ணீர்) கொடுக்கிறார்கள். காய்ச்சி வடித்த மாதிரி சுத்தமான தண்ணீர், சுண்ணாம்பே கிடையாது. நாசிலுக்கு நல்லது என்று சந்தோஷப்பட்டுத்தான் வாங்கினேன். கை வைக்க முடியாத சூடு, 65 டிகிரி இருக்கும். ஆயிரம் லிட்டர் தொட்டியில் பிடித்து, ஆறு மீட்டர் தள்ளி நிற்கிற பம்புக்கு ஒரு அங்குல ஹோஸில் கொண்டுபோகிறோம். பம்ப் ஓடும்போது டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் வருகிறது. போன வருடம் அந்தச் சத்தம் இல்லை.

ஆலை நிறுத்தம் என்றால் எங்களுக்குக் கிடைப்பது எட்டு மணி நேரம். நாலாவது பாடியில் (வரிசையாக நிற்கும் எவாப்பரேட்டர் கலன்களில் நாலாவது) படிவு கல் மாதிரி இருக்கிறது. பிரஷர் விழுந்தால் ஒரு குழாய்க்கு மூன்று முறை விட வேண்டியிருக்கிறது, ஆட்கள் களைத்துப் போகிறார்கள். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கடைசல்பட்டறை எழுதியது:

316 இந்த வேலைக்கு ஆகாது நண்பரே. துருப்பிடிக்காது, ஆனால் மென்மையான உலோகம், சூடாக்கிக் கடினப்படுத்தவும் முடியாது. 440சி எஃகு எடுத்து 58 ஹெச்.ஆர்.சி. (கடினத்தன்மை அளவு) வரை கடினப்படுத்துங்கள், அல்லது டங்ஸ்டன் கார்பைடு இன்செர்ட் (துளையில் பொருத்தும் மிகக் கடினமான துண்டு) போடுங்கள். இன்னொன்று, லேத்தில் துளை போட்டவர் உள்பக்கம் பர் (துளை ஓரத்தில் நிற்கும் உலோகப் பிசிறு) எடுத்தாரா? முக்கால் மில்லி துளையில் உள்ளே நிற்கிற பர்ரை யாரும் பார்ப்பதில்லை. ஒரு நாசிலை அனுப்பினால் நான் பார்த்துச் சொல்கிறேன்.

பிளஞ்சர்65 எழுதியது:

தம்பி, உலோகத்தை மாற்றும் முன் செத்துப்போன நாசில் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். வயர் கட்டிங் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பக்கவாட்டிலிருந்து மெதுவாகத் தேய்த்து, துளையின் பாதி தெரிகிறவரை வாருங்கள். பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். குழி எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். துளையின் உள்வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிச் சுவரில் இருந்தால் ஒரு காரணம், வெளிமுகத்தில் துளையைச் சுற்றி வளையமாக இருந்தால் வேறு காரணம். ஓரத்தில் குழி இல்லாமல் சில்லு பெயர்ந்திருந்தால் அது கேவிட்டேஷனே இல்லை, ஏதோ திடப்பொருள் மோதியிருக்கிறது. உங்களுக்கு மூன்றும் சேர்ந்தே இருக்கும் என்று நினைக்கிறேன்.

உள்சுவரை முதலில் பார்ப்போம். 700 பாரில் தண்ணீர் நொடிக்கு 374 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. கூர்மையான விளிம்பில் அந்த வேகத்தில் திரும்ப அதனால் முடியாது. சுவரை விட்டு விலகிவிடும். விலகிய இடத்தில் அழுத்தம் பாதாளத்துக்குப் போய், தண்ணீர் அங்கேயே ஆவியாகிக் குமிழாகும். கொஞ்சம் தள்ளி அழுத்தம் ஏறியதும் குமிழ் நசுங்கும். நசுங்கும்போது சுவர் பக்கமாக ஊசி போல ஒரு சின்னத் தாரை பாயும். அது ஒரே இடத்தில் லட்சக்கணக்கான முறை குத்துகிறது. முதலில் ஒன்றும் தெரியாது, எடைகூடக் குறையாது. உலோகம் களைத்த பிறகு கடகடவென்று உதிரும். உங்கள் கேஜ் மெதுவாக ஆரம்பித்து வேகமாக இறங்குவதும் அதனால்தான்.

கேஜ் இறங்குகிற கணக்கையும் பாருங்கள். பிளஞ்சர் பம்ப் எப்படியும் நாற்பது லிட்டர் தள்ளியே தீரும். துளை 0.75லிருந்து 0.85 ஆனால் பரப்பு 28 சதவீதம் கூடுகிறது. அதே நாற்பது லிட்டருக்கு இப்போது 425 பார் போதும். பத்தில் ஒரு மில்லி தேய்மானத்துக்கு 275 பார் போய்விடுகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தண்ணீர் சுவரை விட்டு விலகுவதே கெடுதல் இல்லை. முழுவதும் விலகி, வெளிக்காற்று துளைக்குள் ஏறிவிட்டால் தாரை கண்ணாடிக் கம்பி போல வரும், சுவரைத் தொடவே தொடாது. வாட்டர்ஜெட் கட்டிங் மெஷினில் மெல்லிய நீலக்கல் வட்டு அப்படித்தான் வேலை செய்கிறது. பாதி விலகி, மறுபடி வந்து ஒட்டுவதுதான் கெடுதல். கூர்மையான வாய், அதற்குப் பின்னால் நீளமான நேர்த்துளை என்றால் கட்டாயம் ஒட்டும். உங்கள் லேத் நாசிலில் துளை நீளம் எவ்வளவு? நாலு மில்லி இருந்தால் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு. அதுதான் வம்பு.

1966இல் லீச், வாக்கர் என்ற இருவர் பாறையை நீர்த்தாரையால் வெட்டும் ஆராய்ச்சியை ராயல் சொசைட்டி இதழில் எழுதினார்கள். அவர்களுக்கு நன்றாக வந்த வடிவம் 13 டிகிரி கூம்பு, அதன் முடிவில் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு நேர்த்துளை, உள்ளே மெருகு. உங்கள் முன்துளைக்கு அதையே செய்யுங்கள். 0.75க்கு நேர்பகுதி சுமார் 2 மி.மீ. வரும்.

இனி சூடு. தண்ணீரின் ஆவியழுத்தம் (அழுத்தம் இதற்குக் கீழே போனால் தண்ணீர் கொதித்துவிடும்) 30 டிகிரியில் 0.04 பார், 65 டிகிரியில் 0.25 பார். ஆறு மடங்கு. நாசிலுக்குள் இது பெரிய வித்தியாசம் செய்யாது. 700 பார் ஒரே பாய்ச்சலில் இறங்குகிற இடத்தில் கால் பார் எங்கே தெரியப்போகிறது? ஆனால் பம்பின் உறிஞ்சு பக்கத்தில் உங்களிடம் இருப்பதே காற்றழுத்தம் ஒரு பார்தான். அதில் கால் பாரைச் சூடு தின்றுவிடுகிறது. மிச்சத்தை ஆறு மீட்டர் ஒரு அங்குல ஹோஸ் தின்கிறது. பிளஞ்சர் பின்னால் போகிற ஒவ்வொரு முறையும் அந்த ஆறு மீட்டர் தண்ணீர் முழுவதையும் நின்ற இடத்திலிருந்து இழுத்துக் கிளப்ப வேண்டுமல்லவா? முடியாமல் போகும்போது பம்புக்குள்ளேயே குமிழ் உண்டாகிறது. அதுதான் உங்கள் கூழாங்கல் சத்தம்.

அந்தக் குமிழ் நாசில் வரை வராது, 700 பாரில் பம்பிலேயே நசுங்கிவிடும். நாசில் வரை வருவது வால்விலிருந்து உதிர்ந்த துணுக்கு. வால்வு சீட்டை (வால்வு வந்து அமரும் வளையம்) கழற்றிப் பாருங்கள்.

தொட்டியைப் பம்புக்குப் பக்கத்தில், உயரத்தில் வையுங்கள். ஹோஸ் இரண்டு அங்குலம், இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டாம். விட்டம் இரட்டிப்பானால் வேகம் நாலில் ஒன்று. நீளம் மூன்றில் ஒன்றானால் அந்த இழுப்பும் மூன்றில் ஒன்று. தண்ணீரை ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். இளஞ்சூடாக இருந்தால் பரவாயில்லை என்றும் விட்டுவிடாதீர்கள். தண்ணீரில் கேவிட்டேஷன் அரிப்பு உச்சத்தில் இருப்பது 50 டிகிரி வாக்கில்தான். பைபாஸ் தண்ணீர் (நாசிலுக்குப் போகாமல் திருப்பிவிடப்படுவது) தொட்டிக்கே திரும்புகிறதா? முழு அழுத்தத்தில் பைபாஸ் ஓடினால் 47 கிலோவாட் வெப்பம் தொட்டியில் இறங்கும். ஆயிரம் லிட்டருக்கு நிமிடத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு டிகிரி அளவுக்கு ஏறும். திரும்பும் குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, உறிஞ்சு வாய்க்கு எதிர் மூலையில் வையுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. வேலை நடக்கும்போது குழாய்களில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா?

லான்ஸ்காரன் எழுதியது:

அண்ணா, மூன்று நாசிலை வெட்டிவிட்டேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது.

முன்துளையில் வாயிலிருந்து ஒரு மில்லி தள்ளி, சுவரைச் சுற்றிலும் குழி. லேத் நாசிலில் துளை நீளம் 4.2 மி.மீ., வாயில் பர்ரும் இருந்தது. பின்துளை நான்கிலும் ஒரு பக்கச் சுவர் மட்டும் அரித்திருக்கிறது, ஹோஸ் பக்கத்துச் சுவர். எதிர்ப்பக்கம் புதிது போல மினுங்குகிறது. இது ஏன் என்று புரியவில்லை.

வெளிமுகத்திலும் முன்துளையைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு போல வளையமாகக் குழி. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது என்று தோன்றியதால் நேற்று நிறுத்தத்தில் நானே மேன்ஹோலில் இறங்கிப் பார்த்தேன். அடிப்பாத்திரத்தின் வடிகாலைப் பெயர்ந்த படிவுத் துண்டுகள் அடைத்துவிட்டன. தண்ணீர் கீழ்த்தட்டைத் தாண்டிக் குழாய்களுக்குள் முக்கால் மீட்டர் ஏறி நின்றது. இத்தனை நாள் கீழ்ப்பகுதியை நாங்கள் தண்ணீருக்குள்தான் அடித்திருக்கிறோம்.

வால்வு சீட் மூன்றில் ஒன்றில் நகக்கண் அளவு சில்லு காணோம்.

பிளஞ்சர்65 எழுதியது:

நீங்களே இறங்கிப் பார்த்தது நல்லது. பம்பை அணைத்து, பிரஷரை முழுவதும் இறக்கி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்ட பிறகுதான் இறங்கினீர்கள் என்று நம்புகிறேன். இந்தத் தாரை கையுறையோடு விரலை அறுக்கும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை.

தண்ணீருக்குள் ஓடுகிற தாரையைச் சுற்றிலும் குமிழ்க் கூட்டம் கிளம்பும். உலோகத்தின் தாங்கும் திறனைச் சோதிக்க ஏ.எஸ்.டி.எம். ஜி134 என்று ஒரு முறையே இருக்கிறது. அதில் வேண்டுமென்றே மூழ்கிய தாரையை மாதிரித் துண்டின் மேல் விட்டு அரிக்கச் செய்வார்கள். நீங்கள் அதைக் குறுகலான குழாய்க்குள் செய்திருக்கிறீர்கள். குமிழ் சுழன்று திரும்பி நாசில் முகத்திலேயே வந்து நசுங்குகிறது. எனக்கு நாசிலைவிடக் குழாயைப் பற்றித்தான் கவலை. அந்தப் பாடியில் பித்தளைக் குழாயா எஸ்.எஸ்.ஸா? பித்தளையாக இருந்தால் தண்ணீர் நின்ற உயரம் வரை சில குழாய்களின் உள்சுவரை விளக்கடித்துப் பாருங்கள். லான்ஸ் எந்த இடத்திலும் நிற்கக் கூடாது என்று ஆட்களிடம் சொல்லுங்கள்.

பின்துளையின் கதை இது. தண்ணீர் ஹோஸிலிருந்து முன்னோக்கி ஓடிவந்து, சட்டென்று பின்னால் திரும்பித் துளைக்குள் நுழைய வேண்டும். மாட்டுவண்டியை முட்டுச்சந்தில் திருப்புகிற மாதிரி. திருப்பத்தின் உள்மூலை ஹோஸ் பக்கத்து உதடு, அங்கே உலோகமும் கத்தி முனை போலக் கூர்மையாக இருக்கும். அந்த உதட்டைத் தாண்டியதும் தண்ணீர் அந்தச் சுவரை விட்டு விலகுகிறது, அங்கேதான் குமிழ். எதிர்ச்சுவரில் தண்ணீர் அழுந்திப் போவதால் அது மினுங்குகிறது. நாசிலின் நடுக்குழி, அதாவது ஹோஸிலிருந்து தண்ணீர் உள்ளே வரும் பெரிய துளை, எத்தனை மி.மீ.?

ஆலைவேதியியல் எழுதியது:

முப்பது வருடம் சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். கண்டன்சேட்டைப் பற்றி இரண்டு வார்த்தை.

அது சுண்ணாம்பு இல்லாத தண்ணீர் என்பது உண்மை. ஆனால் சாறு கொதிக்கும்போது ஆவியோடு சாற்றுத் துளிகளும் போகும். கடைசிப் பாடிகளின் கண்டன்சேட்டில் சர்க்கரைச் சுவடு வருவதுண்டு. அதனால்தான் ஷிஃப்ட் தவறாமல் ஆல்ஃபா நாப்தால் சோதனை செய்வோம், ஊதா வளையம் வந்தால் அந்தத் தண்ணீர் பாய்லருக்குப் போகக் கூடாது. அப்படிப்பட்ட தண்ணீரைத் தொட்டியில் இளஞ்சூட்டில் நாள் கணக்கில் வைத்தால் புளிக்கும், அமிலமாகும். கார்பைடு இன்செர்ட் போடப்போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கார்பைடு துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் கோபால்ட்டை அமிலத் தண்ணீர் கரைத்துவிடும். எந்தப் பாடியின் கண்டன்சேட் தருகிறார்கள் என்று கேளுங்கள். ஆய்வகத்தில் சோதனை முடிவைக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். ஆறவைத்த தண்ணீரை அன்றன்றே தீர்த்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், நாலாவது பாடிப் படிவு. அதில் சிலிக்காவும் கால்சியம் ஆக்சலேட்டும்தான் அதிகம், அதுதான் கல் போல இருக்கிறது. ஜெட்டுக்கு முன் காஸ்டிக் சோடா கொதிக்க வைத்து ஊறவிடுகிறார்களா? அவசரத்தில் அந்த நேரத்தைக் குறைத்துவிட்டு, மிச்சத்தை உங்கள் ஜெட் பார்த்துக்கொள்ளும் என்று விடுகிற வழக்கம் எனக்குத் தெரியும். நன்றாக ஊறிய படிவுக்கு 700 பார் தேவைப்படாது.

பிளஞ்சர்65 எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒரு கணக்கு. 500 பாரில் தாரையின் வேகம் 316 மீட்டர். கேவிட்டேஷன் அரிப்பு வேகத்தின் ஆறாவது அடுக்கில் ஏறும் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். அதன்படி 700ஐ 500 ஆக்கினால் அரிப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். காஸ்டிக்குக்கு இரண்டு மணி நேரம் கூடக் கேட்டு வாங்குங்கள் தம்பி. அந்த நேரம் உங்களுக்கு ஜெட்டில் திரும்பக் கிடைக்கும்.

லான்ஸ்காரன் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், அரவை உச்சத்தில் இருந்தது.

தொட்டியை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றிப் பம்பை ஒட்டி வைத்தேன். இரண்டு அங்குல ஹோஸ், ஒன்றரை மீட்டர். இரண்டாவது தொட்டி ஒன்று வாங்கி முந்தின இரவே தண்ணீர் பிடித்து ஆறவைக்கிறோம், காலையில் 36 டிகிரி. வால்வு சீட் மாற்றிய அன்றே கூழாங்கல் சத்தம் போய்விட்டது. வடிகாலில் ஒரு ஆளைக் கம்பியோடு நிறுத்தியிருக்கிறேன், அவருக்கு அது மட்டும்தான் வேலை. காஸ்டிக்குக்கு இரண்டு மணி நேரம் கேட்டேன், ஒன்றரை கொடுத்தார்கள். மூன்றாவது பாடி வரை 500 பாரில் முடிந்துவிடுகிறது, நாலாவதற்கு மட்டும் 650 வைக்கிறோம். குழாய்கள் எஸ்.எஸ்.தான். அறுபது குழாய் விளக்கடித்துப் பார்த்தோம், சுவரில் குழி எதுவும் தெரியவில்லை.

கடைசல்பட்டறை நண்பர் 440சியில் முன்துளைக்கு 13 டிகிரி கூம்பு வைத்து ஆறு நாசில் செய்து கொடுத்தார். வைரப் பசை போட்டு உள்ளே மெருகும் பிடித்திருக்கிறார். ஐந்து வாரம் ஓடிய நாசிலில் 0.80 மி.மீ. பின் கேஜ் (துளையை அளக்கும் ஊசி) இன்னும் நுழையவில்லை. முன்துளைச் சுவரும் சுத்தம், வெளிமுக வளையமும் இல்லை.

பின்துளைகளில் மட்டும் ஹோஸ் பக்கச் சுவரில் பனி படர்ந்த மாதிரி ஒரு மங்கல் ஆரம்பித்திருக்கிறது. நீங்கள் கேட்ட நடுக்குழி 5 மி.மீ.

பிளஞ்சர்65 எழுதியது:

5 மி.மீ. குறுகல் தம்பி. நாற்பது லிட்டர் அதில் நொடிக்கு 34 மீட்டரில் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் வந்து திரும்பச் சொன்னால் எப்படித் திரும்பும்? 7 மி.மீ. ஆக்கினால் 17 மீட்டர்தான். வெளிச்சுவர் தடிமன் 700 பாருக்குத் தாங்குமா என்று கணக்குப் பார்த்த பிறகு செய்யுங்கள், நாசிலின் வெளிவிட்டத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டிவரும். 45 குழாயில் அதற்கு இடம் இருக்கிறது. ஹோஸ் பக்க உதட்டின் கூர்மையை மெருகுப் பசையால் உருட்டிவிடச் சொல்லுங்கள். கால் மில்லி வட்டம் வந்தாலே போதும்.

கடைசல்பட்டறை எழுதியது:

உதட்டை உருட்ட, பசை தடவிய நூலைத் துளை வழியாகக் கோத்து உள்ளும் வெளியும் இழுத்துப் பார்க்கிறேன். நடுக்குழி 7, வெளிவிட்டம் 22 வைத்து ஒன்று மட்டும் முதலில் செய்கிறேன்.

லான்ஸ்காரன் எழுதியது:

சரி, அடுத்த நிறுத்தம் பதினெட்டாம் தேதி. பழையது ஒரு லான்ஸில், புதியது ஒரு லான்ஸில் என்று ஒரே பாடியில் ஓட்டுகிறேன். மூன்று வாரம் கழித்து இரண்டையும் வெட்டிப் படம் போடுகிறேன்.